ஒட்டுப் போட்ட டயர் என்று சித்தி சொன்னது

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் அந்த நாட்களில் நின்ற கார்கள் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஓடிய கார்களை விட நின்ற கார்கள்தான் கூட. உப்புக் காற்றுப் பட்டுப் பட்டுக் கதவின் அடிப்பக்கம் பிஸ்கட் போல உதிரும். எங்கள் வீட்டு மதிலோரம் நின்றது சித்தப்பாவின் மொரிஸ் மைனர். அது இளநீலம் என்று நான் சொல்வேன், சாம்பல் என்று தம்பி சொல்வான். அம்மா இருந்திருந்தால் தீர்த்துவைத்திருப்பார். இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை.

நிறத்திலேயே இவ்வளவு குழப்பம் என்றால் மற்றவற்றை நான் எப்படிச் சரியாகச் சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் போன மாதத்திலிருந்து அந்தக் காரின் ஒரு டயர் மனதை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் மகள் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கீழ்வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி. மேலே ஒற்றை அறையில் அம்மாவின் தங்கை, சித்தியும் சித்தப்பாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். அவருடைய சட்டையில் எப்போதும் சாக்கு மணமும் காய்ந்த மிளகாய் மணமும் இருக்கும். பின்னேரங்களில் எங்கள் இருவரையும் காரில் ஏற்றி, காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு சுற்றுப் போவார். தம்பிதான் ஹோர்ன் அடிப்பான்.

அப்படி ஒரு சுற்றில்தான் சந்தைக்குப் பக்கத்தில் உடைந்து கிடந்த சாக்கடைக் கான் மூடியின் இரும்பு டயரின் பக்கத்தைக் கிழித்தது. காற்றுப் போகவில்லை. ஆனால் கிழிந்த இடம் மெல்ல மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது, கூகைக்கட்டு வந்த கன்னம் மாதிரி. தம்பி அதைத் தடவிப் பார்த்து, “நோகுதோ?” என்று டயரிடம் கேட்டான்.

அந்தக் கிழமை முழுதும் வீட்டில் அதுதான் கதை. அப்பாவுக்குக் கார் இல்லை. ஆனால் ஓட்டத் தெரியும், அபிப்பிராயமும் இருந்தது.

“ஓடுற பக்கத்தில ஓட்டை எண்டால் ஒட்டலாம். இது பக்கச் சுவர். ஒட்டு நிக்காது. மாத்து.”

“அண்ணை, கொட்டாஞ்சேனையில ஒருத்தர் இருக்கிறார். உள்ளுக்கால துண்டு வச்சு வேகவச்சுத் தருவார். சனிக்கிழமை கொண்டுபோய்ப் பாப்பம்.”

“நீ பாப்பம் பாப்பம் எண்டு பாக்கிறதுக்குள்ள அது வெடிச்சிடும்.”

“வெடிச்சால் நல்லதெல்லே. முடிவெடுக்கிற வேலை மிச்சம்.”

சித்தி மாடிப்படியில் இருந்து சிரித்தார். சித்தப்பா எதையும் உடனே செய்யமாட்டார் என்பது எங்கள் வீட்டின் நிரந்தரப் பகிடி. காரில் இருந்த உபரிச் சில்லும், அதாவது மாற்றுச் சக்கரமும், அப்படித்தான். அது தேய்ந்து நூல் தெரிந்தது. அதையும் மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

சனிக்கிழமை வரவில்லை. அதற்கு முன்பே ஒரு காலையில் ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆமிக்காரர்கள் நின்றார்கள். சுற்றிவளைப்பு உங்களுக்குப் புதிதல்ல. ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு றோட்டுக்கு வரவேண்டும். அப்பாவின் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சித்தப்பாவின் அட்டையைக் கொடுக்கவில்லை. ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள்தான். சித்தப்பா வயது குறைந்தவர் என்பதால் என்றார்கள். தாடி என்றார்கள். வரிசையில் அவர் நின்ற இடம் என்றும் சொன்னார்கள்.

அப்படி லொறியில் ஏற்றப்பட்டவர்களில் பலர் பொழுதுபட முன்னர் திரும்பி வந்துவிடுவார்கள். அதனால்தான் லொறியில் ஏறமுதல் அவர் சித்தியைப் பார்த்துச் சொன்னது அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

“டயரை ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வந்து பாக்கிறன்.”

அன்று பொழுதுபட்டது. அடுத்த நாளும் பட்டது. அதன் பிறகு வீட்டில் நேரம் எப்படி ஓடியது என்று எனக்குத் தெளிவாக இல்லை. அப்பா தினமும் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாகப் போனார். சித்தி மாடியில் இருந்து இறங்கிக் காரைத் துடைப்பார். கண்ணாடிகள் எல்லாம் பளபளவென்று இருக்கும், அந்த ஒரு டயர் மட்டும் புடைத்தபடி. கால்பந்துக்கு அடிக்கும் பம்பால் தம்பி அதற்குக் காற்றடிக்கப் போனபோது சித்தி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். “சித்தப்பா வந்துதான்.”

மழை தொடங்கும்போது, வழக்குப் பேச அப்பா பிடித்த ஒரு அப்புக்காத்து மூலம் செய்தி வந்தது. தெற்கே ஒரு முகாமில் இருக்கிறார், குறித்த ஒரு நாளில் குடும்பத்தவர் பார்க்கலாம். ஆனால் காலையிலேயே வாசலில் நிற்கவேண்டும். ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பிந்திய ஒரு குடும்பத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆகவே கார்தான். ஆகவே டயர்.

“இண்டைக்கே மாத்தவேணும்” என்றார் அப்பா.

“ஒட்டுவம் அத்தான்” என்றார் சித்தி.

“இஞ்சை பார் பிள்ளை, போறது எவ்வளவு தூரம்? பிள்ளையளும் வருகினம்.”

எங்களைக் கூட்டிப் போவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். குடும்பமாகப் போனால் சோதனைச் சாவடிகளில் அதிகம் மறிக்கமாட்டார்கள் என்பது அப்போது எல்லோரும் நம்பிய விஷயம். பிள்ளைகளைக் காரின் முன்பக்கம் தெரிய வைத்துக்கொண்டு போவார்கள். இப்போது ஒரு தாயாக நான் அதற்குச் சம்மதிக்கமாட்டேன். அன்று எனக்கு அது சுற்றுலா.

“அவர் என்ன சொல்லிப்போட்டுப் போனவர்?” சித்தியின் குரல் உயர்ந்தது. “தான் வந்து பாக்கிறன் எண்டு. ஒட்டுப் போட்டால், அவர் வருமட்டும் தாங்கட்டும் எண்டு அர்த்தம். புதுசு வாங்கினால் என்ன அர்த்தம்? அவர் இப்ப வரப்போறதில்லை எண்டு நீங்கள் எல்லாரும் முடிவு கட்டீட்டீங்கள்.”

“டயருக்கு ஒரு அர்த்தமும் இல்லை” என்றார் அப்பா.

அம்மா இருவரையும் பார்த்தார். “முதல்ல கொண்டுபோய்க் காட்டுங்கோ” என்றார். அம்மா ஒருநாளும் ஒரு பக்கம் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவும் நானும் அந்தச் சில்லை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். சில்லு நடுவில், நாங்கள் இரண்டு ஓரமும், ஒரு விருந்தாளியோடு போவது போல. கோட்டைப் பக்கம் ஒரு சாவடியில் மறித்தார்கள். மீசை இன்னும் சரியாக அரும்பாத ஆமிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்தான்.

“மொக்கத்த மே?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“டயர் எக்கக்” என்றார் அப்பா.

அவன் டயரை விரலால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். திருப்பி வைக்கச் சொன்னான். பிறகு அந்தப் புடைப்பைக் கண்டு முகத்தைச் சுளித்தான்.

“மேக்க இவரய் அங்கிள். அலுத் எக்கக் தாண்ட.”

இது முடிந்துவிட்டது, புதிதாக ஒன்று போடுங்கள் என்று அர்த்தம். அக்கறையாகத்தான் சொன்னான். அப்பா, “ஹரி, ஹரி”, சரி சரி என்று, தலையாட்டினார். ஓட்டோ நகர்ந்த பிறகு, “சித்தப்பாவைக் கொண்டுபோனதும் இவையள்தானே அப்பா?” என்று கேட்டேன். அப்பா டயரைத் தடவிக்கொண்டிருந்தார். “இந்தப் பெடியன் இல்லை” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தெரியாது” என்றார்.

டயர்க் கடைக்காரர் பெரிய தொப்பையும் நெற்றியில் குங்குமமும் உள்ளவர். கடை முழுக்கச் சூடான ரப்பர் மணம். அந்த மணத்தில் எனக்குப் பசி எடுத்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அவர் டயருக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“ஒட்டித் தாரேங்க. தாங்கும். எம்புட்டு நாளுன்னு கேக்காதீங்க. நாலு நாளும் தாங்கும், நாலு வருசமும் தாங்கும். வண்டி எங்கிட்டுப் போகுது, தூரமா?”

அப்பா என்னைப் பார்த்தார். முகாமுக்கு என்று ஒரு கடையில் நின்று சொல்ல முடியுமா?

“கலியாண வீடொண்டு. காலிப் பக்கம்.”

“அட, கல்யாண வீடா! அப்ப ஏங்க ஒட்டுறீங்க? மங்கலமாப் புதுசே போட்டுட்டுப் போங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“மாப்பிள்ளையைப் பாக்கப் போறம்” என்றார் அப்பா. கடைக்காரர் பெரிதாகச் சிரித்தார். அப்பாவும் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பில் நின்றபடியே புதியதைப் போடச் சொல்லிவிட்டார். சித்தியின் சொல்லை மீற அவருக்கு ஒரு கலியாண வீடு தேவைப்பட்டது போலும்.

புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். நாங்கள் அதை டயர் மீசை என்போம். வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். சித்தி கேற்றடியில் நின்றார். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“பழையது எங்கை?”

அப்பா ஓட்டோவில் இருந்து பழைய டயரை இறக்கினார். சித்தி அதை வாங்கித் தானே உருட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே வைத்து, ஒரு பழைய சேலையால் மூடினார். பயணநாள் காலையில் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தவரும் சித்திதான். மூன்று தேசிக்காய் நசிந்து வெடித்தன. புது டயருக்குக் கீழே வைத்தது நசியாமல் வழுக்கிக் கானுக்குள் ஓடிவிட்டது. எல்லோரும் பார்த்தோம்.

இரத்மலானை தாண்டினோம். பிறகு கடல் தெரிந்தது. சித்தியின் மடியில் ஒரு பை: உடுக்க இரண்டு சாரம், குளிக்கச் சவர்க்காரம், பனங்கட்டி, பொரித்த மிளகாய். மறித்த இடங்களில் எல்லாம் தம்பி பழக்கிய குரங்கு போலப் பல்லைக் காட்டினான். விட்டார்கள்.

முகாமில் எங்களை ஒரு நீளக் கொட்டகைக்குள் விட்டார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கம்பி வலை, அதற்கு அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் காவலாளி ஒருவன் நடந்துகொண்டிருந்தான். ஆகவே எல்லோரும் கத்தினார்கள். பக்கத்தில் ஒரு தாய், “வயித்தால போறது நிண்டுட்டோ மோனே?” என்று கத்தினாள். இந்தப் பக்கம் ஒரு பெண், எதையோ சொல்ல வெட்கப்பட்டுக் கத்தாமல் நின்றாள்.

சித்தப்பாவின் தலையை மொட்டை அடித்திருந்தார்கள். தாடியும் இல்லை. தம்பி அவரை அடையாளம் காணாமல் வேறு யாருக்கோ கை காட்டினான்.

“என்னெண்டு வந்தனீங்கள்?” என்று கத்தினார்.

“கார்ல!” என்று கத்தினார் சித்தி.

“கார்லயோ? அந்த டயர்?”

அப்பா வாயைத் திறந்தார். சித்தி முந்திக்கொண்டார்.

“ஒட்டுப் போட்டது! நீங்கள் சொன்ன இடத்திலதான்! நீங்கள் வந்து புதுசு பாத்து வாங்குங்கோ!”

“ஒட்டின டயரிலயோ வந்தனீங்கள்? எல்லாரும்?”

“ஓம்! நல்லா ஓடுது! ஒரு பிரச்சினையும் இல்லை!”

‘இல்லை சித்தப்பா, புதுசு, மீசையெல்லாம் இருக்கு’ என்று சொல்ல நான் கம்பியைப் பிடித்தேன். அம்மா தொடையில் கிள்ளினார். சித்தப்பா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அவருடைய வாய் கோணியது. அதைச் சிரிப்பு என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

“மெதுவாப் போங்கோ அண்ணை” என்றார். “மெதுவாப் போங்கோ. இருட்ட முதல் போய்ச் சேருங்கோ.” அவரை உள்ளே கூட்டிப் போகும்போதும் திரும்பித் திரும்பி அதையே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்து, கிடைத்த கொஞ்ச நேரத்தையும் டயர் தின்றுவிட்டதே என்று.

திரும்பும் வழியில் சித்தி அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாகச் சாப்பிட்டார். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி வாங்கிய பணிசைப் பிய்த்துப் பிய்த்து. “சிரிச்சவர், பாத்தனீங்களே அக்கா? தான் கெதியா வந்திடுவன் எண்டு நாங்கள் நம்புறம் எண்டு அவருக்கு விளங்கீட்டுது.” அப்பா கண்ணாடியில் சித்தியைப் பார்த்தார். “அது நல்லது” என்றார்.

அதன் பிறகு எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. கடிதங்கள் எழுதினோம், போய்ச் சேர்ந்தனவா தெரியாது. நான் வகுப்பு ஏறினேன். தம்பிக்கு முன்பல் விழுந்து முளைத்தது. டயர் மீசை எல்லாம் தேய்ந்து போயிற்று.

அவர் வந்தது ஒரு பகல் வேளை. பள்ளி விடுமுறை. நான் கேற்றில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு சொப்பிங் பையோடு ஒரு மனிதர் ஒழுங்கையால் நடந்து வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் காரிடம் போனார். அதைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பக்கமாகக் குனிந்து, நசுங்கியிருக்கிறதா, பெயின்ற் புதிதாக அடித்திருக்கிறதா என்று கையால் தடவினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“தம்பி எங்கை?”

“உள்ளுக்கு.”

“அம்மா? அப்பா? சித்தி?”

“எல்லாரும் உள்ளுக்குத்தான் சித்தப்பா.”

கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். எல்லோரும் வெளியே வந்தபோது அவர் அந்தச் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“இது வேற டயரெல்லோ?”

சித்தி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னார். அந்தப் பொய்யைச் சொன்னதில் அவருக்கு அன்றுவரை பெருமைதான். “அண்டைக்கே இது புதுசுதான். அத்தான் வாங்கினவர். உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு நான்தான் ஒட்டினது எண்டு சொன்னனான்.”

சித்தப்பா கான் ஓரத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

“நான் அண்டையிலயிருந்து உங்களை எல்லாம் காலி ரோட்டில செத்துக் கிடக்கிறதாத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

எவருக்கும் விளங்கவில்லை. அவரே சொன்னார். நாங்கள் போன பிறகு அவருக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. பார்க்கவும் எவரும் வரவில்லை. அந்தப் புடைப்பு எங்கே வெடித்தது, களுத்துறைப் பாலத்திலா, வளைவிலா, எதிரே பஸ் வந்ததா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகக் கண்டாராம். வெள்ளவத்தையிலிருந்து புதிதாக யாரையாவது கொண்டுவந்தால், “பிள்ளையளோட ஒரு மொரிஸ் கார் பிரண்டதாக் கேள்விப்பட்டனீங்களோ?” என்றுதான் முதலில் கேட்பாராம். மற்றவர்கள் அவருக்கு டயர் அண்ணை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“மாத்தீட்டம் எண்டு சொல்லியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பன்” என்றார்.

சித்தி அவர் முன்னால் நின்றார். கையில் கரண்டி இருந்தது. கறியை விட்டுவிட்டு வந்திருந்தார் போல. கரிந்த மணம் வந்தது. ஒருவரும் அடுப்பை நிறுத்தப் போகவில்லை.

சித்தப்பா சித்தியைத் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு சித்தி சொல்லும் எந்த நல்ல செய்தியையும் அவர் நம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டாயிற்று என்றால் கரண்டியால் கிளறி, குடித்துப் பார்த்துத்தான் தலையாட்டுவார். காய்ச்சல் இல்லை என்றால் நெற்றியில் கை வைப்பார். முதலில் சித்தி சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று. மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய டயரை அவர் கண்டெடுத்து, ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார். அதே கடைக்காரர் ஒட்டித் தந்தார். உபரிச் சில்லாகக் காரில் கிடந்தது, தேவை வந்தபோது ஓடியது. அந்தக் காரை விற்கும்வரை அந்த ஒட்டு விடவில்லை. அப்படியானால் சித்தி சொன்னதுதான் சரியா? அல்லது அன்று அந்தத் தூரத்துக்கு விட்டிருக்குமா? சித்தப்பா காலமான பிறகு ஒருமுறை சித்தியிடம் கேட்டேன். “என்ன டயர்?” என்றார். மறந்துவிட்டாரா, மறந்தது போலச் சொன்னாரா, அதுவும் தெரியவில்லை.

என் மகளின் காரில் போன மாதம் டயரின் பக்கம் கிழிந்தது. அவள் இருக்கும் ஊரில் அப்போது பனி. “சின்ன வெட்டு அம்மா, ஒட்டலாமோ மாத்திறதோ எண்டு பாக்கிறன்” என்றாள். பாக்கிறன் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா ஞாபகம் வந்தது. உடனே மாற்று என்றேன். சத்தம் போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

“மாத்தீட்டன் அம்மா. நல்லா ஓடுது. ஒரு பிரச்சினையும் இல்லை.”

அதே சொற்கள். அவள் பிறக்கும் முன்பே, ஒரு கம்பி வலையின் முன்னால் நான் கேட்டவை. உண்மையாகவும் இருக்கலாம். அவள் பொய் சொல்லும் பிள்ளை இல்லை. சித்தியும் பொய் சொல்பவர் இல்லை.

படம் எடுத்து அனுப்பு என்றேன். “என்னம்மா, டயரையோ?” என்று சிரித்தாள். ஆனாலும் அனுப்பினாள். கறுப்பாக ஒரு டயர், ஓரத்தில் கொஞ்சம் அழுக்குப் பனி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மீசை இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது போலவும் இருந்தது. கீறல் போலவும் இருந்தது. பெரிதாக்க ஆக்க வெறும் கறுப்புத்தான் மிஞ்சியது.

‘இப்ப நித்திரை வருமோ அம்மா?’ என்று அதற்குக் கீழே எழுதியிருந்தாள்.

‘ஓம், நல்லா வரும்’ என்று பதில் எழுதினேன்.